பெண் பார்த்த இடங்கள்

இராயபுரம் ரயில் நிலையத்தின் தூண் ஒன்றின் அடியில் அக்கா உட்கார்ந்திருக்கிறாள். அரக்கு நிறப் பட்டு, அதற்குக் கொஞ்சமும் பொருந்தாத பச்சை ரவிக்கை, தலை கொள்ளாத கனகாம்பரம். வீட்டிலிருந்து சுருட்டி எடுத்துப்போன ஜமுக்காளத்தில் இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் பெரம்பூரிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார். நடுவில் தூக்குச்சட்டியில் கேசரியும் செய்தித்தாளில் சுற்றிய பஜ்ஜியும். மாப்பிள்ளையின் அப்பா அக்காவைப் பார்த்து ஏதோ கேட்க வாயெடுத்தார். அந்த நேரம் பார்த்து ஒரு சரக்கு ரயில் உள்ளே நுழைந்தது. பெட்டிமேல் பெட்டியாக வந்துகொண்டே இருக்கிறது, முடிகிற வழியைக் காணோம். அவர் வாயைத் திறந்தபடி இருந்தார். அக்கா பதில் சொல்லத் தயாராக இருந்தாள். நைனா கையைக் காட்டி, கொஞ்சம் பொறுங்கள் என்றார். ரயில் போய் முடிந்தபோது என்ன கேட்க வந்தோம் என்பதே அந்த மனிதருக்கு மறந்துவிட்டது. "பரவால்ல, ஒண்ணுமில்ல" என்று சொல்லி இன்னொரு பஜ்ஜியை எடுத்துக்கொண்டார். என் அக்காவிடம் அன்று யாரும் எதுவும் கேட்கவில்லை.

போன மாதம் என் மகள் கைப்பேசியை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். வடசென்னையில் அதிகச் செலவில்லாமல் குடும்பத்தோடு சுற்றிப் பார்க்க ஏற்ற இடங்கள் என்று யாரோ படம் போட்டு எழுதியிருந்தார்கள். இராயபுரம் ஸ்டேஷன், திருவொற்றியூர் கோயில், அங்கேயே கடலோரமாக இருக்கும் துறவியின் சமாதி, காசிமேட்டு மீன்பிடித் துறைமுகம், எண்ணூர் முகத்துவாரம். "நம்ம ஏரியாம்மா! நம்மளயும் மதிச்சி எழுதிகிறாங்க பாரு" என்று அவளுக்கு ஒரே பெருமை. "பெரிம்மாவையும் இட்டுகினு ஒரு ரவுண்டு போலாமா?" என்றாள். எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! குழந்தை மேல் என்ன தப்பு, அவளுக்கு என்ன தெரியும்? அடுப்படிக்குப் போய்ப் பாத்திரங்களை உருட்டினேன். அந்த இடங்கள் ஒவ்வொன்றிலும் என் அக்காவை உட்கார வைத்துப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். படம் போட்டு எழுதுகிறவர்களுக்கு அது எங்கே தெரியப்போகிறது? அதனால் நான் எழுதுகிறேன்.

அப்போது நாங்கள் தண்டையார்பேட்டையில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். நடுவில் ஒரு நடை, அதன் இரண்டு பக்கமும் ஒற்றை அறை வீடுகள், பின்கோடியில் அத்தனை குடித்தனத்துக்கும் பொதுவாக ஒரு கக்கூஸ். நைனாவுக்குத் துறைமுகத்தில் மூட்டை இறக்கும் வேலை. நானும் அக்காவும் வண்ணாரப்பேட்டையில் ஒரு ரெடிமேட் கம்பெனியில் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தோம். அக்காவை முதன்முதலாகப் பெண் பார்க்க வந்தவர்கள் அந்த வீட்டுக்குத்தான் வந்தார்கள். கட்டிலைத் தூக்கி நடையில் நிறுத்திவிட்டு, பக்கத்து வீட்டு நாற்காலிகளை வாங்கிப் போட்டு, எப்படியோ உட்கார வைத்துவிட்டோம். மாப்பிள்ளையின் அத்தை பாத்ரூம் எங்கே என்று கேட்டாள். அம்மா பின்பக்கம் கூட்டிப்போனாள். திரும்பி வரும்போது அந்த அம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தாள். "எப்பிடித்தான் இதுல பொழங்கறாங்களோ, கலீஜ்" என்று எல்லார் எதிரிலும் சொன்னாள். காபியைத் தொடாமல் எழுந்து போய்விட்டார்கள். தட்டோடு வந்த அக்கா அந்தத் தட்டோடு அப்படியே நின்றாள்.

நைனா அன்று சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் பல் விளக்கிக்கொண்டே சொன்னார்: "இனிமே எவனையும் வூட்டாண்ட இட்டாராத. வெளிய வெச்சிப் பாக்கட்டும். அவன் இன்னா வூட்டையா கட்டிக்கப் போறான்? பொண்ணத்தான?" எங்களுக்கும் நியாயமாகத்தான் பட்டது. கோயிலில் வைத்துப் பெண் பார்ப்பது உலகத்தில் இல்லாததா? ஆனால் நைனா கோயிலோடு நிற்கவில்லை. அவருக்கு எங்கள் ஊர்மேல் ஒரு கிறுக்கு. கடல் காசு கேட்காது, ஸ்டேஷன் தூண் காசு கேட்காது, எண்ணூர்க் காற்று காசு கேட்காது, பணக்காரன் வீட்டு ஹாலில் இப்படி ஒரு காற்று வருமா என்பார். எங்கள் ஒற்றை அறையைக் காட்டாமல் ஊரையே எங்கள் வீட்டு ஹாலாகக் காட்டிவிடலாம் என்று அந்த மனிதர் நிஜமாகவே நம்பினார்.

அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். அவள் ஒருத்தி இருந்தால் கம்பெனியில் மிஷின் சத்தமே கேட்காது. சூப்பர்வைசர் நடக்கிறதை நடந்து காட்டுவாள், முதலாளியம்மா மூக்கை உறிஞ்சுவதை உறிஞ்சிக் காட்டுவாள், நாங்கள் ஊசி குத்திக்கொள்கிற அளவுக்குச் சிரிப்போம். நிறம் கொஞ்சம் கம்மி, பல் கொஞ்சம் எடுப்பு, போடுவதற்கு நகை கிடையாது. ஆனால் அவள் வாயைத் திறந்து பேசிவிட்டால் யாருக்கும் அதெல்லாம் கண்ணில் படாது. அந்த வாயைத்தான் பெண் பார்க்கிற அன்று மூடிவைக்கச் சொன்னார்கள். கல்யாணம் வேண்டும் என்று அவளுக்கு ஆசை இருந்தது. அதை மறைக்கவே மாட்டாள். "எனக்கு இன்னாடி, ஒரு வூடு, ஒரு ஆளு, என் அடுப்பு. நான் வெச்ச கொழம்ப நல்லா கீதுன்னு ஒருத்தன் சொன்னாப் போதும்" என்பாள். அவள் கேட்டது அவ்வளவுதான்.

இராயபுரத்தில் அந்த முதல் வெளிப்பார்வையின்போது நைனா பேசியதைக் கேட்டிருக்க வேண்டும். சரக்கு ரயில் போனதும் மாப்பிள்ளையின் அப்பாவைத் தோளில் கைபோட்டு அழைத்துப்போய்த் தூணைத் தட்டிக் காட்டினார். தென்னாட்டிலேயே ரொம்பப் பழைய ஸ்டேஷன் இதுதான், வெள்ளைக்காரன் முதல் வண்டியை இங்கேயிருந்துதான் விட்டான், கவர்னரெல்லாம் வந்து நின்ற இடம் என்று ஒரே கதை. அவர்கள் வாயைப் பிளந்தார்கள். "இம்மா நாளா பெரம்பூர்ல கீறோம், இது தெரியலையே" என்றார்கள். கேமரா வைத்திருந்த ஒரு பையன் எல்லாரையும் தூண் ஓரம் நிறுத்திப் படம் எடுத்தான். அக்காவை அந்தப் படத்துக்குக் கூப்பிடவில்லை. நல்ல மனிதர்கள்தான், போகும்போது நைனாவின் கையைப் பிடித்து, ரொம்ப நாளைக்கு அப்புறம் இப்படி ஒரு சாயங்காலம் என்று சொன்னார்கள். தரகர் நாலு நாள் கழித்து வந்து, ஜாதகம் சேரவில்லையாம் என்றார். ஜாதகமே இன்னும் கொடுக்கவில்லை.

இங்கேதான் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். பெண் வீட்டுக்கு வந்தவர்கள் சம்மதம் ஆகும் முன் அங்கே இலை போட்டுச் சாப்பிடமாட்டார்கள். கை நனைத்துவிட்டால் சம்பந்தம் என்று ஆகிவிடும். அதனால் பெண் வீட்டில் ஒரு கவளத்தைக்கூட யோசித்துத்தான் வாயில் வைப்பார்கள், காபியைக்கூடப் பாதி குடித்து வைப்பார்கள். அந்தக் கூச்சம் பெண்ணுக்கு ஒரு காவல். ஆனால் ரயில்வே பிளாட்பாரத்தில் தின்கிற பஜ்ஜிக்கு என்ன அர்த்தம்? கடற்கரையில் தின்கிற சுண்டலுக்கு என்ன கட்டுப்பாடு? நாங்கள் வெளியே போட்ட சோறும் பலகாரமும் யாரையும் எதற்கும் கட்டவில்லை. அவர்களும் கூச்சமில்லாமல் தின்றார்கள். அம்மா மட்டும் இதை முதலிலேயே கண்டுகொண்டாள். "வூட்ல வெச்சா வாய்க்குப் பயப்படுவாங்க, இங்க சந்தையில துன்ற மாதிரி துன்னுட்டுப் போறானுங்க" என்று திட்டினாள். நைனா கேட்டால்தானே.

திருவொற்றியூர் பெரிய கோயிலில் பார்த்தது யாரென்றே இப்போது நினைவில்லை, அத்தனை பேர். குளத்துப் படிக்கட்டில் உட்காருவோம், பிராகாரத்தைச் சுற்றி வருவோம், அப்புறம் நைனா எல்லாரையும் கடலோரத்துச் சமாதிக்கு அழைத்துப்போவார். உலகமே வேண்டாம் என்று உதறிப் போனவரின் சமாதி முன்னால் கல்யாணம் பேசின குடும்பம் நாங்கள்தான் என்று அக்கா அதற்கும் ஒரு சிரிப்பு சிரிப்பாள். அப்போது அங்கே உட்கார மணல் இருந்தது. இப்போது கடல் உள்ளே வந்து, கருங்கல்லைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். ஒருமுறை வந்த கூட்டத்தில் பிள்ளைகளே அரை டஜனுக்கு மேல். பந்து கொண்டுவந்திருந்தார்கள். மாற்றுத்துணி கொண்டுவந்திருந்தார்கள். அலையில் குளிக்க இறங்கிவிட்டார்கள். மாப்பிள்ளையை மட்டும் காணோம். ஓவர்டைம் போட்டுவிட்டார்கள், அடுத்த வாரம் வருவான் என்றார்கள். சரி, பெரியவர்கள் பார்த்தால் போதாதா என்று நைனா சமாதானமாகி, வழக்கம்போலச் சமாதியின் கதையைச் சொல்ல ஆரம்பித்தார்.

அந்தக் கூட்டத்தில் ஒரு வயசான சித்தப்பா இருந்தார். பல் இல்லாத வாயில் கேசரியைக் குதப்பிக்கொண்டு, அக்காவைப் பார்த்து ரொம்பப் பிரியமாக, "நீயும் நிச்சயத்துக்கு வந்துரும்மா" என்றார். யாருடைய நிச்சயத்துக்கு என்று அம்மா கேட்டாள். "நம்ம பையனுக்குத்தான். இன்னிக்கு நிச்சயப் புடவை எடுக்க வண்ணாரப்பேட்டைக்குப் போயிகிறான்" என்றார் அவர், வேறு ஒன்றும் தெரியாமல். மாப்பிள்ளையின் அம்மா அவரைப் பார்த்த பார்வையில் அந்த ஆள் எரிந்திருக்க வேண்டும். அப்புறம் எல்லாம் வெளியே வந்தது. பையனுக்கு வேறு இடத்தில் முடிந்துவிட்டது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்கு ஏற்கெனவே எங்களிடம் வருவதாகச் சொல்லியாகிவிட்டது, பிள்ளைகள் கடலைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள், தரகரும், பெண் பிடிக்காவிட்டாலும் பரவாயில்லை, நல்லா சுத்திக் காட்டுவாங்க, வயிறாரப் போடுவாங்க என்று சொல்லியிருக்கிறார். வந்துவிட்டார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் எங்கள் ஊரைப் பார்த்துவிட்டுப் போய்க்கொண்டிருந்திருக்கிறார்கள், எவ்வளவு காலமாகவோ.

நான் அங்கேயே கத்தினேன். நல்லா கத்தினேன். தூக்குச்சட்டியைப் பிடுங்கி மூடினேன், "எழுந்திருங்க, போங்க, எங்கக்கா இன்னா பொருட்காட்சியா" என்று கேட்டேன். நைனாதான் என்னை அடக்கினார். அவர்கள் நனைந்த பிள்ளைகளுக்குத் தலை துவட்டும்வரை அக்கா அந்த ஜமுக்காளத்திலேயே இருந்தாள். மறுநாள் கம்பெனியில் அந்தச் சித்தப்பாவை அப்படியே நடித்துக் காட்டினாள், பல் இல்லாத வாய், கேசரி, எல்லாம். எல்லாரும் உருண்டு புரண்டு சிரித்தார்கள். சிரிப்பு அடங்கினதும் மிஷின் மேல் கவிழ்ந்துகொண்டாள். தோள் குலுங்குவதைப் பார்த்து இன்னும் நடிக்கிறாள் என்று நினைத்துச் சிலர் மறுபடியும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அவள் யாரையும் நடித்துக் காட்டி நான் பார்க்கவில்லை.

அத்திப்பட்டுக்காரர் வந்தது அதற்கும் இரண்டு மூன்று வருஷம் கழித்து. அக்காவுக்கு முப்பது தாண்டியிருந்தது. அனல்மின் நிலையத்தில் கான்ட்ராக்ட் ஃபிட்டர் வேலை, கூட ஒரு அம்மா, ஒரு அண்ணன், அவ்வளவுதான் குடும்பம். அவர்களுக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று எண்ணூர் முகத்துவாரத்தில் ஏற்பாடு. ஆறும் கடலும் சேருகிற இடம், அந்தப் பக்கம் புகைபோக்கிகள், இந்தப் பக்கம் கட்டிப்போட்ட படகுகள், வலை உலர்த்துகிற ஆட்கள். நைனா வெள்ளைக்காரத் துரைமார்கள் காற்று வாங்க வந்து பங்களா கட்டின கதையை ஆரம்பித்தார். அந்த மனிதர் மரியாதையாக, "அது எனக்கும் தெரியும் மாமா, நான் இந்தாண்டதான பொறந்து வளந்தேன்" என்றார். நைனாவுக்கு முதன்முதலாகச் சொல்வதற்கு ஒன்றும் இல்லாமல் போயிற்று. அந்த இடைவெளியில் அவர் அக்காவின் பக்கம் திரும்பி, "உங்களுக்கு இந்த எடம் புடிக்குமா?" என்று கேட்டார்.

எத்தனை இடங்களில் உட்கார்ந்திருக்கிறாள்! சமைப்பாயா, என்ன வயசு, தம்பி தங்கை எத்தனை என்று கேட்டிருக்கிறார்கள். உனக்கு என்ன பிடிக்கும் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. அக்கா ஜமுக்காளத்தின் ஓர நூலைத் திருகினாள். அப்புறம், "காத்து ஷோக்கா கீது" என்றாள். அந்த மனிதர் சிரித்தார், அக்காவும் சிரித்தாள், பல் தெரிய. போகும்போது அவர் எங்கள் ஜமுக்காளத்தைத் தானே உதறி மடித்துக் கொடுத்தார். இரண்டாம் நாளே தரகர் ஓடிவந்தார். சம்மதம், நகையெல்லாம் உங்கள் இஷ்டம், வருகிற வெள்ளிக்கிழமை மாப்பிள்ளையின் அம்மா உங்கள் வீட்டுக்கு வந்து கை நனைக்கிறார்கள் என்றார். அம்மா சாமி படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டாள். நைனா மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நைனாவுக்கு அப்போது என்ன பேய் பிடித்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. கோயில் மண்டபத்தில் வைத்துச் சாப்பாடு போட்டுவிடலாம் என்று சொல்லி அனுப்பினார். அந்த அம்மாள், "கோயில்ல துன்னா அது அன்னதானம். சம்மந்தம் வூட்லதான்" என்று பதில் அனுப்பினாள். உடனே வீட்டில் அம்மை போட்டிருக்கிறது, தண்ணீர் ஊற்றும்வரை யாரும் வரக்கூடாது என்று ஒரு புளுகு. அது முடிந்ததும் தூரத்து உறவில் ஒரு சாவு என்று இன்னொரு புளுகு. அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "இட்டாந்து காட்டுய்யா, போனாப் போவட்டும், வந்தா வரட்டும்" என்றாள். அக்கா ஒரே ஒரு தடவை, சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு, "நைனா, அவங்க வரட்டும் நைனா" என்றாள். அவள் தன் வாயால் கேட்டது அது ஒன்றுதான். "நீ சும்மா இரு, அந்தக் கக்கூஸப் பாத்துட்டு அவங்களும் மூக்கப் பொத்திகினு போறதுக்கா?" என்று அதட்டினார்.

வீட்டுக்காரரிடம் போய் கக்கூஸைச் சரிசெய்து தரச் சொல்லிக் கெஞ்சினார். அவர் அசையவில்லை. கடைசியில் நைனாவே சுண்ணாம்பு வாங்கிக் கரைத்து, வேலைக்கு லீவு போட்டு, எங்கள் வீட்டுக்கு மட்டுமில்லை, அந்த நடை முழுக்க, பின்கோடிவரை வெள்ளையடித்தார். கதவுக்கு ஒரு புதுத் தகரம் அடித்தார். தலை, மீசையெல்லாம் சுண்ணாம்பாக ஏணியிலிருந்து அவர் இறங்கும்போது தரகர் நடையில் வந்து நின்றார். செருப்பு ஈரச் சுண்ணாம்பில் பதிந்திருந்தது. வீட்டைக் காட்டாத இடத்தில் பெண் எடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள் என்றார். உள்ளே யாரோ சித்தம் கலங்கினவரை, இல்லை ஏதோ தீராத வியாதிக்காரரை மறைத்து வைத்திருக்கிறோம் என்று அவர்களுக்குச் சந்தேகமாம். "ஒண்ணுமில்லாமலா இத்தினி நாளு தள்ளுவாங்க?" என்று அந்த அம்மாள் கேட்டாளாம். நைனா ஏணியைப் பிடித்தபடி, "இப்ப வரச் சொல்லுய்யா, இப்ப வரச் சொல்லு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மாப்பிள்ளைக்கு வேறு இடத்தில் முடிந்துவிட்டது என்றார் தரகர். அக்கா வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள்.

அதற்குப் பிறகு பெண் பார்ப்பதும் இல்லை, பஜ்ஜி போடுவதும் இல்லை. எனக்காகத் தங்கச்சியை உட்கார வைக்காதீர்கள் என்று அக்காவே பிடிவாதம் பிடித்து எனக்குக் கல்யாணம் செய்துவைத்தாள். நைனா போய்ச் சேர்ந்தார், அம்மாவும் போனாள். சில வருஷம் கழித்து என்னோடு வேலை பார்த்த ஒருத்தியின் குழந்தைக்குக் காதுகுத்து, அத்திப்பட்டில். போன இடத்தில் ஒரு கிழவி என்னை உற்றுப் பார்த்து, நீ அந்தத் தண்டையார்பேட்டைப் பெண்ணின் தங்கச்சிதானே என்றாள். அந்த அத்திப்பட்டுக்காரரின் அம்மா. கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்துப்போனாள். ஒரு நடை, இரண்டு பக்கமும் ஒற்றை அறைகள், பின்கோடியில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு கக்கூஸ். "நாங்க இன்னா பங்களாவா கேட்டோம்? உங்க வூட்ல ஒரு வாய் சோறுதானம்மா கேட்டோம்" என்றாள் கிழவி. என்னை உட்கார வைத்துச் சோறு போட்டாள். நல்லவேளை நைனா உயிரோடு இல்லை என்று அன்று வாய்விட்டே சொன்னேன்.

அக்காவிடம் அதைச் சொன்னேன். சொல்லாமல் எப்படி இருப்பது? "ஓ" என்றாள், அரிசி களைந்துகொண்டே. இப்போது அவள் எங்களோடுதான் இருக்கிறாள். என் மகளை வளர்த்தவள் அவள்தான். ஆனால் ஒரு இடத்துக்கும் வரமாட்டாள். திருவொற்றியூர் கோயிலில் திருவிழா என்றால் எங்களை அனுப்பிவிட்டு வீட்டில் இருப்பாள். இராயபுரம் வழியாகப் போகிற பஸ் வேண்டாம் என்று சுற்றிப் போகிறதைப் பிடிப்பாள். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் குடியிருந்துகொண்டு கடற்கரைக்கு ஒரு நாள் வந்ததில்லை. பணம் உள்ளவர்களுக்கு ஊட்டி, கொடைக்கானல், எங்கேயாவது போய்க்கொள்வார்கள். எங்களைப்போன்றவர்களுக்குச் சும்மா போய் உட்கார ஊரில் இருந்ததே இந்த நாலைந்து இடம்தான். அத்தனையையும் அவளுக்கு இல்லாமல் பண்ணிவிட்டார்கள்.

இந்த வருஷம் அவளுக்குச் சர்க்கரை ஏறிவிட்டது, கால் மரத்துப்போகிறது. பீச் பக்கம்தானே இருக்கிறீர்கள், தினமும் காத்தாட நடங்கள் என்றார் டாக்டர். அக்கா மொட்டை மாடியில், துணி காயும் கொடிகளுக்கு நடுவே, ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடந்தாள். மகள் போனைக் காட்டினாளே, அதற்கு மறுநாள் நான் மாடிக்குப் போய்ச் சண்டை போட்டேன். எல்லா இடத்தையும் பார்த்தவள் நீ, எவனோ வேண்டாம் என்று சொன்னதற்காக இன்னும் எத்தனை காலம் இப்படி இருப்பாய் என்று கேட்டேன். அவள் கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நான் எங்கடி பாத்தேன்? பொண்ணு பாக்க வந்தா தலையக் குனிஞ்சிகினு இருன்னு அம்மா சொல்லும். அப்பிடியே இருந்தேன். தூண ஒங்க எல்லாருக்கும் காட்டினாரு நைனா, நான் ஜமுக்காளத்தத்தான் பாத்தேன். கோயில் கொளத்துல தண்ணி இருந்துதா இல்லையான்னுகூட எனக்குத் தெரியாது" என்றாள்.

எண்ணூரில் காற்று நன்றாக இருக்கிறது என்று சொன்னாயே என்று கேட்டேன். "காத்துக்குத் தலையத் தூக்க வேணாம்ல" என்றாள். பிறகு அவளே, எங்கேயாவது கூட்டிப்போவதானால் அங்கேயே கூட்டிப்போ என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு பேரும் பஸ் பிடித்து எண்ணூர் போனோம். முகத்துவாரத்தில் ஒரு கவிழ்த்துப்போட்ட படகின் ஓரம் உட்கார்ந்தோம். தண்ணீர் சாம்பல் கரைந்து கறுத்து, கரையோரம் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிக் கிடந்தது. குழாய்கள், கோபுரங்கள், அந்தப் பக்கம் புகை. படகுகளே குறைவு. கண்ணைச் சுருக்கிக்கொண்டு அக்கா ரொம்ப நேரம் பார்த்தாள். "இதுக்கா நல்லா கீதுன்னு சொன்னேன்?" என்றாள். அப்போது இப்படி இல்லை, நன்றாகத்தான் இருந்தது என்றேன். "அப்பவே பாத்துகணும்" என்றாள். அந்த மனிதர் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார் என்று கேட்டாள். நான் கையைக் காட்டினேன். அவருடைய முகத்தையும் அவள் சரியாகப் பார்த்ததில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அந்த நேரம் ஒரு குடும்பம் ஆட்டோவில் வந்து இறங்கியது. வெளியூர் மாதிரி இருந்தது. பெரியவர் ஒருவர், இரண்டு பெண்கள், பிள்ளைகள், ஒரு வாலிபன், எல்லார் கையிலும் போன். படம் எடுக்க எங்கள் பக்கமாக வந்தார்கள். திரும்பிப் பார்த்தேன். அக்கா முந்தானையை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டிருந்தாள். கால் விரல்களைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள். ஐம்பதைத் தாண்டிய, நரைத்த அந்தத் தலை தன்னால் குனிந்தது.

"அக்கா, தலைய தூக்கு" என்றேன். "அவங்க சும்மா சுத்திப் பாக்க வந்தவங்கக்கா."

"தெரியும்டி" என்றாள், குனிந்தபடியே. "எல்லாரும் அப்பிடித்தான வந்தாங்க."